ஆர் குத்தினது?

குளியலறைக் கதவுக் கொண்டியைப் போட்டாயிற்று, இனிப் பாரிஸாவது பிளேனாவது. தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் தலையணையை வைத்துக் காலை நீட்டிப் படுத்துவிட்டேன், எனக்கென்று அளவெடுத்துச் செய்த தொட்டி மாதிரி, வலது கால் பெருவிரல் மட்டும் குழாயை முட்டுகிறது, குழாய் ஒரு சொட்டு விடுகிறது, யோசிக்கிறது, இன்னொரு சொட்டு விடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் சுகிர்தா. “அப்பா, டாக்ஸி வந்திட்டுது, ஜெனாரோ கீழ நிண்டு ஹோர்ன் அடிக்கிறான், கேக்குதோ?” கேட்கிறது, செவிடனா நான். “வயித்தைக் கலக்குது பிள்ளை, சத்தியமாய், நீ போய் அவனுக்கு ஒரு கோப்பி குடு.” “நேற்றும் வயிறுதான் கலக்கினது.” நேற்றுக் கலக்கியது ஒத்திகை, இன்றுதான் திருவிழா. என் பெட்டி கூடத்தில் நிற்கிறது, பூட்டி, நாடா கட்டி. அதற்குள் என்ன வைத்தாள் என்று தெரியாது, என்னை வைக்கவில்லை, அது தெரியும். பாரிஸில் என் மகன் நிமலன் இருக்கிறான், ஆறாம் மாடி, லிஃப்ட் இருக்காம், ஹீட்டர் இருக்காம், நிலம் ஆடாதாம். ஆடாத நிலத்தில் கொண்டுபோய் என்னை வைத்துவிட்டு இவள் மட்டும் இந்த ஆடுகிற நிலத்தில் நிற்பாளாம், ஏனென்றால் இது அசுந்தா கிழவியின் வீடு, அசுந்தாவைப் பராமரிப்பதுதான் சுகிர்தாவின் வேலை, அசுந்தா இந்த வீட்டை விட்டு அசையமாட்டேன் என்று மாதாவின் பேரில் சபதம் போட்டிருக்கிறாள். ஆக, ஒரு கிழத்தை வைத்துக்கொள்ள மற்றக் கிழத்தை நாடு கடத்துகிறார்கள், நடுவில் என் பிள்ளை தனியே. இதற்கு நான் தலையாட்டமாட்டேன். காரைநகரை விட்டு எழுப்பினார்கள், எழும்பினேன். யாழ்ப்பாணத்தை விட்டு எழுப்பினார்கள், மழைக்குள், சைக்கிள் காரியரில் என் மனுசி பூரணம், பாரில் இவள், பக்கத்தில் நிமலன் நடை, எழும்பினேன். கிளிநொச்சியில் பூரணத்தை எரித்த சாம்பல் ஆறமுன்னம் எழுப்பினார்கள், அப்போதும் எழும்பினேன். எழும்பி எழும்பி முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி எவனாவது எழுப்புவதென்றால் தொட்டியோடு சேர்த்துத் தூக்கட்டும்.

டொம். சின்னக் குத்து. சவர்க்காரம் விளிம்பில் கொஞ்சம் நகர்ந்து, விழுவோமா விடுவோமா என்று நின்றது. “பாத்தீங்களோ, இண்டைக்கு விடியத் தொடங்கினது, இன்னும் நிக்கேல்லை” என்கிறாள் சுகிர்தா. பார்த்தேன் பிள்ளை, முதுகால் பார்த்தேன். இந்த ஊரின் முதல் மோசடியே அதுதான், எரிமலை என்கிறார்கள், மலையைக் காணோம். இத்தாலியில் நாப்போலிக்கு மேற்கே கடற்கரையில் பொட்சுவோலி, ஒரு கோப்பை மாதிரிப் பள்ளம், முன்னொரு காலத்தில் வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டுத் தனக்குள்ளேயே இடிந்து விழுந்த எரிமலை, அந்தக் கோப்பைக்குள் தேவாலயம், மீன்சந்தை, ரயில், பள்ளிக்கூடம், அசுந்தாவின் மூன்றாம் மாடி, அதற்குள் ஒரு தொட்டி, தொட்டிக்குள் நான். கோப்பையின் அடி இப்போது மேலே வருகிறது. துறைமுகத்தில் வள்ளங்கள் சேற்றில் குந்திக்கொண்டிருக்கின்றன, கடல் வற்றவில்லை, தரை எழும்புகிறது. கோப்பிக் கடையில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தபோது சுகிர்தாவை மொழிபெயர்க்க விட்டு நான் சொன்னேன், இதெல்லாம் ஒரு எழும்பலா, எங்கள் காரைநகரில் ஒரு தீவு காலையில் எழும்பியது, கோயிலோடு, ஐயர் வாசலில் நின்று தட்டை நீட்டினார், சத்தியமாய். ஜெனாரோ சிரித்துச் சிரித்துக் கோப்பியை மூக்கால் விட்டான். எங்கள் வேலியில் விழுந்த ஷெல் வெடிக்காமல் கிடந்ததையும் அதில் என் அடைக்கோழி அடைகிடந்ததையும் அவனுக்குத்தான் முதலில் சொன்னேன். குஞ்சு பொரித்ததோ என்று கேட்டான். பொரித்தது, எல்லாம் ஓட்டத்தில் மகா வேகம் என்றேன். ஊரில் எனக்குப் புளுகர் தம்பிராசா என்று பெயர், வெறும் தம்பிராசா என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். புளுகர் என்றால் பொய்யன் இல்லை. பொய்யனுக்கு எதாவது வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம், கேட்கிறவன் வாயைப் பிளந்தால் போதும்.

ஆனால் குத்து என்ற சொல் புளுகு இல்லை. வீட்டில் நாங்கள் நிலநடுக்கம் என்று சொல்வதே கிடையாது, தொடக்கிவைத்தவன் நான். வந்த புதிதில் ஒரு மத்தியானம், அடியிலிருந்து டொம் என்று ஒரு சத்தம், யன்னல் கண்ணாடி சிலிர்த்தது, நான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு “குத்திட்டான்” என்று கத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனேன், இவளும் கீழே வந்துவிட்டாள், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, தகப்பனும் மகளும் மேசைக்குக் கீழே முழங்கால் முட்ட. ஊரில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்து ஆமி விடுகிற ஷெல் புறப்படும் சத்தம்தான் குத்து. குத்துச் சத்தம் கேட்டபின் அது வந்து விழக் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் சனம் சீவித்தது, அந்த இடைவெளிக்குள் பிள்ளையைத் தூக்கலாம், அடுப்பை அணைக்கலாம், பங்கருக்குள் குதிக்கலாம், கெட்டிக்காரன் என்றால் ஒரு பகிடியும் விடலாம். இங்கே இடைவெளி இல்லை. குத்துவதும் விழுவதும் ஒரே சத்தம். இது என்ன ஒழுங்கு, எனக்குப் பிடிக்கவேயில்லை. சுகிர்தாவின் போனில் படம் வரும், எங்கே ஆடியது என்று சிவப்புப் புள்ளி போட்டு. நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பேன். ஒன்று கடலுக்குள். ஒன்று கந்தகம் புகையும் பள்ளத்துக்குப் பக்கத்தில். ஒன்று பாஞ்ஞோலிப் பக்கம். ஒன்று மலைச்சரிவில். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவன், குத்துகிறவன், தூரம் அளக்கிறான். முதலில் ஒன்று கிட்ட, அடுத்தது எட்ட, பிறகு இடம், பிறகு வலம், அதற்குப் பிறகு சரியாக உன்ரை முற்றம். இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கத் தேவையில்லை. ஆகவே எங்கே போவது, பங்கருக்குள். பங்கர் எங்கே, வீட்டிலேயே தடித்த சுவர் குளியலறைக்குத்தான், ஆகவே தொட்டி. இன்றைக்குத் தொட்டி இரண்டு வேலை செய்கிறது, மேலே விழுவதையும் தடுக்கும், பாரிஸையும் தடுக்கும்.

“அப்பா, நிமலன் அண்ணா லைன்ல நிக்கிறார், கதையுங்கோ.” கதவுக்குக் கீழே போனை வைத்திருக்கிறாள் போல, அவன் குரல் தரையில் ஊர்ந்து வருகிறது. “அப்பா, விசர் விளையாட்டு விடாதேங்கோ, அங்க எரிமலை வெடிக்கப் போகுதாம்.” “ஆர் சொன்னது?” “எல்லாரும் சொல்லினம்.” “கீழ் வீட்டுத் தொத்தோரேஸ்ஸா சொல்லேல்லை.” அவனுக்குத் தொத்தோரேஸ்ஸாவைத் தெரியாது, இங்கே படித்த பெண்ணுக்கு அதுதான் பட்டம். கீழ் வீட்டு மரியெல்லா, ஆய்வுகூடத்தில் நிலத்துக்கு நாடி பிடிக்கிறவள், சீவாத தலை, சிவந்த கண், எந்நேரமும் நித்திரை இல்லாத முகம். போன கிழமை அவளை வாசலில் மறித்தேன், சுகிர்தா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். ஜெனாரோவின் டாக்ஸியில் தூசி படிந்திருந்தது, அந்தத் தூசியில் மரியெல்லா விரலால் ஒரு பானை கீறினாள், பானைக்கு மூடி. கீழே சுடுநீரும் ஆவியும் நெருக்குகிறது, மூடி நடுவில் உயர்கிறது, நடுவில் உயர்ந்தால் விளிம்பில் இழுபடும், இழுபடுகிற இடத்தில் பழைய வெடிப்பு இன்னும் கொஞ்சம் கிழியும், ஒவ்வொரு கிழிசலும் ஒரு ஆட்டம் என்றாள். பிறகு ஆட்டம் வந்த இடங்களையெல்லாம் குத்துக் குத்தாக விரலால் வைத்தாள், இங்கே, இங்கே, கடலுக்குள் இங்கே, வைத்து முடிய அது ஒரு உடைந்த காப்பு மாதிரி வளைந்து நின்றது. அடுத்தது எங்கே விழும் என்று நாங்கள் பார்ப்பதில்லை, கீழே எது நெருக்குப்படுகிறது என்று பார்க்கிறோம் என்றாள். ஆட்டத்திலும் சாதி இருக்கிறதாம். கல் உடைகிற ஆட்டம் வெடுக்கென்று தொடங்கும். கீழே ஏதாவது ஊர்ந்தால் மெல்லத் தொடங்கி முனகுமாம், மாடு கன்று போட முன் முனகுகிற மாதிரியோ என்று கேட்டேன், சுகிர்தா அதை மொழிபெயர்க்கவில்லை. “இப்ப முனகுதோ?” “இல்லை, இப்ப உடையிறதுதான் கூட.” “அப்ப வெடிக்குமோ வெடிக்காதோ?” “தெரியாது. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.” எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. உடைந்த காப்புக்கு நடுவில் எங்கள் வீட்டுக்கு ஒரு புள்ளடி போட்டுக் காட்டினேன், இவன் சுற்றிச் சுற்றித் தூரம் அளக்கிறான், கடைசியில் இதில் போடுவான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. “ஆர் குத்துறது எண்டு அவவைக் கேள் பிள்ளை.” சுகிர்தா வெட்கத்தோடு கேட்டாள். மரியெல்லா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், சிரிக்கவில்லை. “நெஸ்ஸூனோ” என்றாள். ஒருத்தருமில்லையாம்.

அந்தச் சொல் அன்றிலிருந்து பல்லில் மாட்டிய இறைச்சி நார் மாதிரி. ஒருத்தருமில்லையென்றால் நான் யாரைத் திட்டுவது. கோட்டைக்குள் இருந்தவனுக்கு ஒரு தாய் இருந்தாள், அவளை நான் பங்கருக்குள் இருந்து எத்தனை விதமாக விசாரித்திருப்பேன், பூரணம் பிள்ளைகளின் காதைப் பொத்துவாள், ஷெல்லுக்கு இல்லை, எனக்கு. ஒருவன் குறி வைக்கிறான் என்றால் நீ ஒரு ஆள். பெரிய ஆள்கூட. இவ்வளவு இரும்பைச் செலவழித்துக் கொல்லத் தக்க ஆள். ஒருத்தரும் குத்தவில்லை, சும்மா விழுகிறது என்றால், பிறகு இவ்வளவு காலமும் எழும்பி எழும்பி ஓடினவன் ஒரு ஆளே இல்லையோ. டொம். இது கொஞ்சம் பெரிசு, ஷாம்பூப் போத்தல் தொட்டிக்குள் விழுந்து என் வயிற்றில் படுத்தது. வெடுக்கென்றுதான் தொடங்கியது, முனகவில்லை, நல்லது, கல் உடையட்டும், கல் கிடக்கிறது உடைய. அடுத்த அறையில் அசுந்தா கிழவி கத்துகிறாள், பயத்தில் இல்லை, கோபத்தில். எழுபதாம் ஆண்டில் சிப்பாய்கள் வந்து கடல் மேட்டில் இருந்த அவள் பிறந்த வீட்டிலிருந்து சனத்தோடு சனமாக அவளை லொறியில் ஏற்றினார்கள், கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி, அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அதனால்தான் சபதம். எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு முப்பது சொல் இருக்கும், அதில் பாதி வசவு, ஆனால் இரவில் டிவி பார்க்கும்போது அவள் நிலத்தைக் காட்டிக் கையால் ஒரு அசிங்கச் சைகை செய்வாள், நானும் செய்வேன், அதுதான் எங்கள் ஒப்பந்தம். “அசுந்தா” என்று சுவரில் தட்டினேன். “தம்பீ” என்று பதில் தட்டு. அசையமாட்டாளாம். நல்லம். நானும்தான். கதவுக்கு வெளியே சுகிர்தா மெதுவாகச் சொன்னாள், போனை நிறுத்திவிட்டாள் போல, எனக்குச் சொன்னாளோ சுவருக்குச் சொன்னாளோ, “அவவும் வரமாட்டா, நீங்களும் வரமாட்டீங்கள், நான் ஆரை விட்டிட்டு ஆரோட போறது.” சொல்ல ஒரு பகிடி வாய்க்கு வந்தது, உதட்டில் வந்து குந்திக்கொண்டது, இறங்கவில்லை.

பிறகு அது வந்தது. சத்தம் முதலில் வயிற்றுக்குள் கேட்டது, காதுக்குப் பிறகு. தொட்டி வள்ளமாகிவிட்டது, சீமெந்துக் கடலில் வள்ளம், ஓடு ஒன்று சுவரிலிருந்து கழன்று காலுக்குப் பக்கத்தில் துண்டு துண்டாகியது, கண்ணாடி, பற்தூரிகை, அசுந்தாவின் மாதா படம், வெள்ளைத் தூசி, கண் தெரியவில்லை, நான் கடலில் இருக்கிறேன், ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில், யாரோ துடுப்பைக் கைவிட்டுவிட்டார்கள். நின்றது. நின்றபின்னும் குழாய் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. “அப்பா. அப்பா. ஏதாவது சொல்லுங்கோ.” தொண்டை முழுக்கத் தூசி. அவள் கதவை இரண்டு கையாலும் அடிக்கிறாள். “வயிறு சரியாப் போச்சு பிள்ளை” என்றேன், அவள் அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், நல்ல தமிழில், எனக்கு நிம்மதி. படியில் தடதடவென்று சத்தம், ஜெனாரோ மேலே வருகிறான், அசுந்தாவின் அறைக்குள் போகிறான், இப்போது பார் அவள் அவனைக் கடிப்பாள் என்று காத்திருந்தேன். கடிக்கவில்லை. “கெதியா, கெதியா” என்று அவனை அவசரப்படுத்துகிறாள், என் தோழி, மாதாவின் பேரில் சபதம் போட்டவள், அவன் முதுகில் ஏறிப் படியால் இறங்கிப் போகிறாள், என் கதவைத் தாண்டும்போது ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. ஆக, கோட்டையில் கடைசி ஆள் நான். சரி. அப்படியே இருக்கட்டும். ஆனாலும் கால் தன்பாட்டில் தொட்டியை விட்டு இறங்கியது, கை தன்பாட்டில் கொண்டியை இழுத்தது. கொண்டி வந்தது. கதவு வரவில்லை. தோளால் தள்ளினேன், இழுத்தேன், நிலை சரிந்து கதவைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. நான் சிரித்தேன். வரமாட்டேன் என்று படுத்திருந்தவனுக்கு வர ஏலாது என்று ஆகிவிட்டது, இரண்டுக்கும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, நான் வாயைத் திறக்காவிட்டால் என் வீரம் அப்படியே இருக்கும்.

“அப்பா, அசுந்தாவும் போயிட்டா, இனி நீங்களும் நானும்தான். நீங்கள் வராமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்.” அவள் கதவோடு சாய்ந்து உட்காரும் சத்தம். என் பிள்ளைதான், வேறு எப்படி இருப்பாள். நான் இந்தப் பக்கம் கதவில் முதுகைச் சாய்த்தேன், ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு முதுகு. அப்போதுதான் மரியெல்லாவின் தூசிக் காப்பு கண்ணுக்குள் வந்தது. தூரம் அளக்கிறவன் வர வரக் கிட்ட வருவான், அதுதான் அவன் தொழில். இவ்வளவு மாதமும் புள்ளிகள் கிட்ட வரவில்லை. சுற்றின. அதே விளிம்பு, அதே வளைவு, ஒன்றின்மேல் ஒன்று, நான் தூரம் என்று நினைத்தது வட்டம். வட்டத்தைக் குறி வைக்கிற விசரன் எந்தப் படையிலும் இல்லை. நெஸ்ஸூனோ. கோட்டை இல்லை, குத்தினவன் இல்லை, அவனுடைய தாயும் இல்லை. கீழே ஒரு பானை, மேலே ஒரு மூடி, மூடியில் எறும்பு மாதிரி நாங்கள், மூடிக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. அப்படியென்றால் விழக்கூடிய இந்தச் சுவர்களுக்கு நடுவில் என் பிள்ளையைப் பிடித்து இருத்தி வைத்திருப்பது யார். கதவுக்கு இந்தப் பக்கம் கால் நீட்டிக்கொண்டு இருக்கிறான் ஒருவன், முழங்கால் தேய்ந்தவன். அவன்தான் குறி வைத்திருக்கிறான்.

“பிள்ளை, கதவு இறுகிப்போச்சு.” “கதை விடாதேங்கோ.” “கொண்டியை எடுத்திட்டன், நிலை சரிஞ்சு கிடக்குது.” “முதல் வயிறு, இப்ப நிலை.” இத்தனை வருடம் விதைத்தது, அறுக்கத்தானே வேண்டும். பிறகு அவள் கேட்டாள், “சத்தியமாய்?” எனக்கு அந்தச் சொல் நாக்கின் நுனியிலேயே இருப்பது, மூச்சு விடுகிற மாதிரி வரும், அதைச் சொல்லாமல் நான் ஒரு புளுகும் விட்டதில்லை, அவளுக்கும் அது தெரியும். “இல்லைப் பிள்ளை” என்றேன். “சத்தியம் ஒண்டும் பண்ணேல்லை. சும்மா சொல்லுறன். கதவு திறக்குதில்லை.” அந்தப் பக்கத்து முதுகு எழும்பியது. செருப்புச் சத்தம் படியில் ஓடியது, ஒரு மாடி, இரண்டு மாடி, அலவாங்கு அலவாங்கு என்று தமிழிலேயே கத்திக்கொண்டு போகிறாள், கதவை நெம்ப இரும்புக் கம்பி வேண்டுமாம், இத்தாலியனுக்கு அலவாங்கு என்றால் என்ன தெரியும்.

தொட்டியின் விளிம்பில் ஏறினால் சின்ன யன்னலால் முற்றம் தெரியும். ஏறினேன், முழங்கால் என்னைத் திட்டியது, ஏறினேன். முற்றத்தின் நடுவில் ஒரு கதிரையில் அசுந்தா, யாரோ கொடுத்த கம்பளிக்குள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரியெல்லா போனில் யாருடனோ கதைத்தபடி. ஜெனாரோ டாக்ஸியின் பின்பக்கத்தில் தலையை விட்டு ஒரு இரும்புக் கம்பியை உருவுகிறான். சுகிர்தா அவனிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டு படியை நோக்கித் திரும்பினாள். “நில்” என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தாள். “கம்பியை அவனிட்டைக் குடு. நீ வந்தால் நான் திரும்பக் கொண்டியைப் போடுவன்.” “கதவு இறுகிப்போச்செண்டீங்கள்.” “கொண்டி வேலை செய்யுது. நீ படியில கால் வைச்சுப் பார்.” “நீங்கள் ஆர் எனக்குச் சொல்ல?” “புளுகர் தம்பிராசா.” ஜெனாரோவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கம்பியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு அவன் ஓடிவந்தான். அவள் முற்றத்தின் நடுவில் நின்றாள், தலைக்கு மேலே வானம் மட்டும், விழ ஒன்றுமில்லாத இடம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பூரணம் மாதிரி.

ஜெனாரோ வெளியில் கம்பியைக் கொடுத்து நெம்பத் தொடங்கினான், நிலைமரம் முறிகிற சத்தம், அதோடு சேர்ந்து மற்றது வந்தது, டொம் என்று, வெடுக்கென்று, முன்னதைவிடச் சின்னது. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள், அசுந்தா சிலுவை போட்டாள். என் பிள்ளை ஒருத்தி மட்டும் குந்தி, இரண்டு காதையும் பொத்தி, வாயை ஆவென்று அகலத் திறந்து வைத்திருந்தாள். பங்கருக்குள் இவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் சொல்லிக்கொடுத்தது அது, வெடிக்கிற அதிர்ச்சியில் காதுச் சவ்வு கிழியாமல் இருக்க வாயைத் திற, ஆ என்று திற, அப்பா மூடச் சொல்லுமட்டும் மூடாதே என்று. நான் மூடச் சொன்னேனோ, அவசரத்தில் எங்கே, எழும்பி ஓடுவதற்கே நேரம் காணாது. ஆட்டம் நின்று எல்லோரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள், அவள் இன்னும் திறந்தபடி, நாற்பது தாண்டின பெண்பிள்ளை, நடு முற்றத்தில்.

“வாயை மூடு பிள்ளை” என்று கத்தினேன். “இது அது இல்லை. ஒருத்தரும் குத்தேல்லை.” அவள் மூடினாள். மேலே பார்த்தாள், அங்கிருந்தே கேட்டாள், “பிளேன் இன்னும் போகேல்லை, ஜெனாரோ ஓடினால் பிடிக்கலாம். வாறீங்களோ இல்லையோ?” கதவு பாதி பிளந்து ஜெனாரோவின் கை உள்ளே வந்தது, வியர்த்த பெரிய கை. நான் அதைப் பிடித்தேன், யன்னல் பக்கம் திரும்பி அவளுக்குச் சொன்னேன்.

“இறங்கி வாறன். பிளேனுக்கு இல்லை. நீ நிக்கிற இடத்துக்கு.”